ஆற்றங்கரை ஊர் ஒன்றின் வரலாற்றைத் தேடிப் படிப்பது எப்படி? டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸ் வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் ஆற்றங்கரைக் கிராமங்களைப் பற்றி இணையத்தில் தேடினால் படங்கள் கொட்டிக் கிடக்கும். வைக்கோல் வேய்ந்த வீடுகள், கல் பாலம், தேவாலயம், தண்ணீரில் அன்னங்கள். வரலாறு என்று போனால் இரண்டு பத்தியோடு முடிந்துவிடும். ஆனால் இந்த ஊர்கள் மண்ணிலும் கல்லிலும் தாளிலும் ஏராளமான தடயங்களை விட்டுவைத்திருக்கின்றன. எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால், வீட்டில் உட்கார்ந்தபடியே பெரும்பகுதியைப் படித்துவிடலாம்.

முறையை மட்டும் சொன்னால் மனதில் நிற்காது என்பதால் ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். ஆக்ஸ்போர்டுக்குத் தென்கிழக்கே சுமார் 13 கிலோமீட்டரில், தேம் என்ற சிற்றாறு தேம்ஸில் கலக்கும் இடத்தருகே இருக்கிறது டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸ். இன்று அங்கே வசிப்பவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர். ஒரு காலத்தில் தேம்ஸிலிருந்து வடக்கே ஹம்பர் முகத்துவாரம் வரை நீண்ட ஒரு மறைமாவட்டத்துக்கு, அதாவது ஓர் ஆயரின் (பிஷப்பின்) ஆளுகைப் பகுதிக்கு, இந்த ஊர்தான் தலைமையிடம். அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்று கேட்டால் பெரும்பாலும் ஆறும் பாதையும்தான் பதில் சொல்கின்றன. தேடும்போது ஒரு எச்சரிக்கை: டார்செட் மாவட்டத்திலும் ஒரு டார்செஸ்டர் உண்டு, அது பெரிய ஊர். தேடல் சொல்லோடு ஆக்ஸ்போர்டுஷயர் என்று சேர்க்காவிட்டால் இரண்டின் தகவலும் கலந்துவிடும்.

படி 1: ஆவணத்துக்கு முன் தண்ணீரும் மண்ணும்

பலரும் தேவாலயத்தில் தொடங்குகிறார்கள். அது தவறான இடம் என்பது என் கருத்து. முதலில் ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தை விரித்து, உயரக் கோடுகளைப் பாருங்கள். அரசின் வெள்ள அபாய வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் எதுவரை ஏறும், எந்தத் திட்டு எப்போதும் காய்ந்து கிடக்கும் என்று பென்சிலால் குறித்துவிட்டால், வீடுகளும் கோயிலும் ஏன் அங்கே இருக்கின்றன என்பது பாதி புரிந்துவிடும்.

டார்செஸ்டர் ஒரு சரளைத் திட்டின் மேல் இருக்கிறது. கிழக்கே தேம் ஓடுகிறது. மேற்கிலும் தெற்கிலும் தேம்ஸ் வளைந்து போகிறது. பனியுகங்களில் தேம்ஸ் கொண்டுவந்து கொட்டிய சரளை அது. தண்ணீர் தேங்காது, உழவு எளிது, வெள்ளக் காலத்திலும் கால் நனையாது, ஆனால் ஆறு கூப்பிடு தூரத்தில். மனிதர்கள் இந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

ஊருக்குத் தெற்கே டைக் ஹில்ஸ் என்ற இரட்டை மண்கரையும் நடுவே ஒரு பள்ளமும் உண்டு. மூன்று பக்கமும் ஆறுகள் காவல் நிற்க, திறந்திருந்த வடக்குப் பக்கத்தை மட்டும் இரும்புக்கால மக்கள் கரை எழுப்பி அடைத்திருக்கிறார்கள். உள்ளே சுமார் 46 ஹெக்டேர் நிலம். தேம்ஸின் மறுகரையில் விட்டன்ஹாம் கிளம்ப்ஸ் குன்றுகள், அதில் ஒன்றின் மேல் இன்னொரு பழைய கோட்டைக் கரை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் பார்த்தால், ஆற்றைக் கடக்கும் இடத்தின் மேல் யாருக்கோ எப்போதும் ஒரு கண் இருந்தது விளங்கும்.

படி 2: வானத்திலிருந்து பாருங்கள்

சரளை நிலத்துக்கு இன்னொரு குணம் உண்டு: புதைந்ததைக் காட்டிக்கொடுக்கும். பழைய பள்ளம் மூடிப்போன இடத்தில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்கும். வறண்ட கோடையில் சுற்றியுள்ள கோதுமை மஞ்சளாகிவிட, பள்ளத்தின் மேலுள்ள பயிர் மட்டும் உயர்ந்து பச்சையாக நிற்கும். தரையில் நிற்பவருக்குத் தெரியாது, மேலிருந்து பார்த்தால் வட்டமும் கோடுமாக வரைந்து வைத்தது போலத் தெரியும்.

இதை இந்தப் பகுதியில் முறையாகப் படமெடுத்தவர் மேஜர் ஜார்ஜ் ஆலன். 1930களில் சொந்த விமானத்தில் பறந்து தேம்ஸ் பள்ளத்தாக்கைப் படம் பிடித்த பொறியாளர். அந்தப் படங்கள் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டார்செஸ்டருக்கு வடக்கே, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட இணைப் பள்ளங்களும், பிக் ரிங்ஸ் என்ற பெரிய இரட்டை வட்டமும் கொண்ட புதிய கற்காலச் சடங்குத்தலம் ஒன்று இருந்தது. 1940களின் பிற்பகுதியில் ரிச்சர்ட் அட்கின்சனும் குழுவினரும் அங்கே அகழாய்வு செய்தார்கள். அவசரமாகத்தான் செய்ய வேண்டியிருந்தது, ஏனென்றால் கான்கிரீட்டுக்காகச் சரளை தோண்டும் வேலை நெருங்கிக்கொண்டிருந்தது. மனிதர்களை இங்கே இழுத்துவந்த அதே சரளைதான் அவர்களின் முதல் பெரிய கட்டுமானத்தை அழிக்கவும் காரணமானது. மீதியின் குறுக்கே 1980களின் தொடக்கத்தில் புறவழிச்சாலை போடப்பட்டது. இன்று அந்த இடத்தில் பார்க்கக் கிடைப்பது குளங்களும் தார்ச் சாலையும்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

டைக் ஹில்ஸும் அப்படித்தான் போயிருக்கும். 1870-இல் நிலத்தின் விவசாயி கரைகளைச் சமப்படுத்தத் தொடங்கினார். பின்னாளில் பிட்-ரிவர்ஸ் என்று பெயர்பெற்ற தொல்லியலாளர் அகஸ்டஸ் லேன் ஃபாக்ஸ் அதை நேரில் பார்த்து எதிர்ப்புத் தெரிவித்து, அழிவு வருகிறது என்று அறிக்கை எழுதினார். பழஞ்சின்னங்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு வலு சேர்த்த நிகழ்வுகளில் அது ஒன்று. நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் லப்பக் பல ஆண்டுகள் போராடி 1882-இல் சட்டத்தை நிறைவேற்றினார். அதன்கீழ் நியமிக்கப்பட்ட முதல் ஆய்வாளர் அதே பிட்-ரிவர்ஸ்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் ஊருக்கான செயற்கைக்கோள் படங்களில் பழைய ஆண்டுகளுக்குப் போய், வறட்சி மிகுந்த கோடைகளைத் தேடிப் பாருங்கள். அப்புறம் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் வான்படத் தொகுப்பைப் பாருங்கள்.

படி 3: பெயரும் ரோமானியர் தடமும்

ஊர்ப் பெயர் "செஸ்டர்" என்று முடிந்தால் ரோமானியக் குடியிருப்பு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். டார்செஸ்டரில் அது உண்மை. வடக்கே ஆல்செஸ்டருக்கும் தெற்கே சில்செஸ்டருக்கும் இடையிலான ரோமானியச் சாலையில் மதில் சூழ்ந்த சிறு நகரமாக இது இருந்தது. ஆளுநர் அலுவலகத்தைச் சேர்ந்த மார்கஸ் வேரியஸ் செவெரஸ் என்ற அதிகாரி ஜூப்பிட்டருக்கு நிறுவிய ஒரு பலிபீடம் 1731-இல் இங்கே கிடைத்தது. கல் பிறகு தொலைந்துவிட்டது. ஆனால் அதன் எழுத்துகளை அப்போதே படியெடுத்திருந்ததால், மாகாண நிர்வாகத்தின் ஆள் ஒருவர் இந்தச் சிறு நகரத்தில் பணியில் இருந்தது நமக்குத் தெரிகிறது. பொருள் போனாலும் படி நிற்கும். 18ஆம் நூற்றாண்டுப் பழம்பொருள் ஆர்வலர்களின் குறிப்புகளை அலட்சியப்படுத்தாதீர்கள்.

ரோமானிய நகரத்தின் ஒரு பகுதி மேல் இன்று ஊர்மக்களின் காய்கறித் தோட்டங்கள் இருக்கின்றன. மேலே கட்டடம் வராததால் அகழாய்வுக்கு அது வசதியான இடம். 1960களில் ஷெப்பர்ட் ஃபிரீர் அங்கே தோண்டினார், அதன்பின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் தோண்டியது. 1874-இல் டைக் ஹில்ஸில் கிடைத்த ஒரு கல்லறையில் ரோமானிய ஆட்சியின் கடைசிக் காலத்து அதிகாரிகள் கட்டும் இடைக்கச்சையின் உலோகப் பாகங்கள் இருந்தன. ரோமானிய ஆட்சி முடிந்து ஜெர்மானிய இனத்தவரான சாக்சன்கள் வரும் அந்த இருண்ட இடைவெளியில் இங்கே ஆள்நடமாட்டம் அறவே நின்றுவிடவில்லை என்பதற்கு அது ஒரு நல்ல சாட்சி.

படி 4: எழுதியவர் யார் என்று கேளுங்கள்

இப்போது எழுத்து ஆவணங்கள். துறவி பீட் 731 வாக்கில் எழுதி முடித்த திருச்சபை வரலாற்றின் மூன்றாம் பாகம், ஏழாம் அத்தியாயத்தில் டார்செஸ்டர் வருகிறது. திருத்தந்தை ஹொனோரியஸின் ஆலோசனையோடு வந்த பிரினஸ் என்ற ஆயர், மேற்குச் சாக்சன் அரசன் கினகில்ஸுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். நார்தம்பிரியாவின் அரசன் ஆஸ்வால்ட் ஞானத்தந்தையாக நின்றார். இரு அரசர்களும் சேர்ந்து டார்செஸ்டரை ஆயருக்குத் தலைமையிடமாகக் கொடுத்தார்கள். ஆண்டுவாரியாக நிகழ்வுகளைச் சொல்லும் பழைய ஏடான ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் இதை 635 என்று குறிக்கிறது.

படித்துவிட்டு அப்படியே நகரக் கூடாது. பீட் இதை எழுதியது சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, நாட்டின் மறுகோடியில் இருந்துகொண்டு. மேற்குச் சாக்சன் செய்திகளைத் தனக்குத் தந்தவர் ஆயர் டேனியல் என்று அவரே முன்னுரையில் சொல்கிறார். டேனியல் வின்செஸ்டரின் ஆயர். மேற்குச் சாக்சன் ஆயர் பீடம் 660களில் டார்செஸ்டரிலிருந்து வின்செஸ்டருக்குப் போய்விட்டது, பிரினஸின் உடலும் பிறகு அங்கே கொண்டுபோகப்பட்டதாகச் சொல்வதும் பீட்தான். ஆக டார்செஸ்டரின் தொடக்கக் கதையை நாம் கேட்பது அதன் இடத்தைப் பிடித்த ஊரின் வாய்வழியாக. 1220களில் டார்செஸ்டர் மடத்துத் துறவிகள் உடல் இன்னும் தங்களிடமே இருக்கிறது என்று வாதிட்டு, வழக்கு திருத்தந்தை வரை போனது. புனிதரின் உடல் இருந்தால் யாத்திரிகர் வருவர், யாத்திரிகர் வந்தால் காணிக்கை வரும். இரண்டு தரப்புக்கும் பேசக் காரணம் இருந்தது.

9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டேனியர் படையெடுப்புகளால் லெஸ்டரில் இருக்க முடியாமல் போன ஆயர் பீடம் பாதுகாப்பு தேடி இங்கே வந்தது. மறைமாவட்டம் பிறகு ஹம்பர் வரை நீண்டது. தலைமையிடமோ அதன் தென்கோடி மூலையில். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் ஆயர் ரெமிஜியஸ் 1072-இல் லிங்கனுக்கு மாறிவிட்டார். அதோடு ஊரின் பெரிய நாட்கள் முடிந்தன.

படி 5: டூம்ஸ்டே புத்தகம்

1086-இல் வில்லியம் மன்னர் எடுத்த நிலக் கணக்கு இது. ஊர்ப் பெயரைத் தட்டினால் பக்கத்தின் படமும் சுருக்கமும் இணையத்தில் இலவசமாக வரும். டார்செஸ்டர் அப்போதும் லிங்கன் ஆயரின் சொத்து. ஆற்றங்கரை ஊர்களில் மூன்று சொற்களை மட்டும் கவனியுங்கள்: மாவு ஆலை, மீன்பிடிப்பு, புல்வெளி. மீன்பிடி வரி பல ஊர்களில் விலாங்கு மீனாகவே கட்டப்பட்டது. 25 விலாங்குகள் ஒரு கட்டு. வெள்ளப் புல்வெளி உழுநிலத்தைவிட விலைமதிப்பானதாகவும் இருந்தது, குளிர்காலத்தில் மாடுகளுக்கு உலர்புல் அங்கிருந்துதான் வரவேண்டும். இதில் மக்கள்தொகை என்று வருவது குடும்பத் தலைவர்களின் எண்ணிக்கைதான், அதை ஊரின் மொத்த ஆட்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 6: தேவாலயத்தைச் சுவர் சுவராகப் படியுங்கள்

இப்போது தேவாலயத்துக்குப் போகலாம். உள்ளே நுழையும் முன் வெளியே ஒரு முழுச் சுற்று வாருங்கள். கல்லின் நிறம் மாறும் இடம், அடைத்த வாசல், பாதியில் நிற்கும் வளைவு, இவை ஒவ்வொன்றும் கட்டடம் மாறிய ஒரு தருணம்.

ஆயர் போன பிறகு, 1140-இல் லிங்கன் ஆயர் அலெக்சாண்டர் இங்கே அகஸ்டீனியத் துறவிகளின் மடத்தை நிறுவினார். 1536-இல் எட்டாம் ஹென்றி அதை மூடினார். மூடிய மடங்களின் கூரை ஈயத்தை உருக்கி விற்பதும் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவதும் அப்போது நாடெங்கும் வழக்கம். டார்செஸ்டரில் ரிச்சர்ட் பியூஃபாரஸ்ட் என்ற உள்ளூர்ச் செல்வந்தர் கோயிலின் கிழக்குப் பகுதியை 140 பவுண்டுக்கு வாங்கி ஊருக்குக் கொடுத்தார். ஆயிரம் பேர் ஊருக்கு இவ்வளவு பெரிய கோயில் எப்படி என்று கேட்பவர்களுக்கு அந்த 140 பவுண்டுதான் பதில். இந்த ஊரின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான்.

உள்ளே இரண்டு பொருள்களுக்கு நேரம் கொடுங்கள். ஒன்று, 12ஆம் நூற்றாண்டின் ஈயத் திருமுழுக்குத் தொட்டி. சுற்றிலும் வளைவுகளுக்குள் 11 உருவங்கள் அமர்ந்திருக்கின்றன. யூதாஸ் நீங்கலான திருத்தூதர்கள். ஈயம் எல்லாம் உருகிப்போன காலத்தில் இது மட்டும் தப்பியது. இன்னொன்று, 14ஆம் நூற்றாண்டின் ஈசாய் சாளரம். தாவீதின் தந்தை ஈசாய் அடியில் படுத்திருக்கிறார். அவர் உடலிலிருந்து ஒரு மரம் கிளம்புகிறது. சாளரத்தின் நடுக் கல் தூணே அதன் தண்டு, குறுக்குக் கற்களே கிளைகள். கிளைகளில் கல்லில் செதுக்கிய முன்னோர்கள், இடையிடையே கண்ணாடியிலும் உருவங்கள். கொத்தரும் கண்ணாடிக்காரரும் ஒரே திட்டத்தில் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள்.

பழையது போலத் தெரிவதெல்லாம் பழையதல்ல என்பதையும் மறக்காதீர்கள். மேற்குக் கோபுரம் 1602-இல் திரும்பக் கட்டியது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் பட்டர்ஃபீல்டும் பிறகு ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட்டும் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். பிரினஸின் நினைவு மண்டபம் பழைய துண்டுகளை வைத்து 20ஆம் நூற்றாண்டில் எழுப்பியது.

தரையில் சாரா ஃபிளெட்சர் என்ற பெண்ணின் கல்லறைக் கல் இருக்கிறது. 1799-இல் 29 வயதில் இறந்தவர். இந்த உலகின் முரட்டு இடிகளைத் தாங்க முடியாத மென்மையான நரம்புகள், அளவுமீறிய மென்னுணர்வுக்குப் பலியானாள் என்று எழுதியிருக்கிறது. கடற்படை அதிகாரியான கணவனின் துரோகம் தெரிந்து அவர் தற்கொலை செய்துகொண்டார் என்று ஊர்வழக்கில் ஒரு கதை உண்டு. கல்லறைக் கல் குடும்பம் சொல்ல விரும்பியதைச் சொல்லும், ஊர் தான் நினைப்பதைச் சொல்லும். இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொண்டு, பதிவேட்டிலும் அக்காலச் செய்தித்தாள்களிலும் தேடுங்கள்.

படி 7: ஆற்றின் வேலை

ஆலைக்காரருக்கும் படகுக்காரருக்கும் தேம்ஸில் நூற்றாண்டுக்கணக்கில் சண்டை. ஆலைக்காரர் அணை கட்டித் தண்ணீரைத் தேக்குவார். படகு போக வேண்டுமானால் அணையின் பலகைகளை எடுக்க வேண்டும். பாய்ந்து வரும் வெள்ளத்தோடு படகு கீழே இறங்கும், மேலே போக வேண்டுமானால் கயிறு கட்டி இழுக்க வேண்டும். ஆபத்தும் செலவும் அதிகம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனிலிருந்து வரும் சரக்குப் படகுகள் டார்செஸ்டருக்குப் பக்கத்து பர்காட் வரைதான் வந்தன. அங்கே இறக்கி வண்டியில் ஆக்ஸ்போர்டுக்குக் கொண்டுபோனார்கள். 1605-இலும் 1624-இலும் நாடாளுமன்றம் ஆணையங்கள் அமைத்து, இஃப்லி முதலிய இடங்களில் தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும், இரு கதவுகள் கொண்ட லாக் கட்டப்பட்ட பிறகு, 1630களில் ஆக்ஸ்போர்டு வரை படகு போனது. டார்செஸ்டருக்கு அருகிலுள்ள டேஸ் லாக் 1789-இல் வந்தது. தேம்ஸின் நீரோட்டத்தை அளக்கும் முக்கிய நிலையங்களில் ஒன்று இன்று அங்கே இருக்கிறது. 1947 வெள்ளம் போன்றவற்றைப் பற்றிப் படிக்கும்போது அந்த அளவுப் பதிவுகள் உதவும்.

பாலம் என்றால் எப்போதும் இரண்டு கேள்வி: யார் காசு கொடுத்தார், அதற்கு முன் எங்கே கடந்தார்கள்? தேம் மீது இன்றுள்ள பாலம் 1813 முதல் 1815 வரை பிரான்சிஸ் சாண்டிஸ் கட்டியது. இடைக்காலப் பாலம் சற்றுத் தள்ளி இருந்தது, புதியது வந்ததும் இடித்துவிட்டார்கள்.

படி 8: பாதை வந்ததும் போனதும்

18ஆம் நூற்றாண்டில் ஹென்லி வழியாக லண்டன் போகும் சாலை சுங்கச் சாலையானது. தபால் வண்டிகளும் பயணிகள் வண்டிகளும் குதிரை மாற்ற இங்கே நின்றன. ஜார்ஜ், ஒயிட் ஹார்ட் ஆகிய பழைய விடுதிகள் பிரதான வீதியில் இன்றும் நிற்கின்றன. வண்டி உள்ளே நுழையும் உயரமான வாசல்களைக் கவனியுங்கள். 1844-இல் ரயில் சில கிலோமீட்டர் தள்ளி கல்ஹாம் வழியாகப் போனது. ஊர் ஒதுங்கிவிட்டது. பழைய வீதி இவ்வளவு மாறாமல் பிழைத்ததற்கு அந்த ஒதுக்கமும் ஒரு காரணம்.

படி 9: சாதாரண மக்கள்

ஆயர்களைவிட இவர்களைத் தேடுவதுதான் கடினம், ஆனால் விட்டுவிடக் கூடாது. 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் ஆணைப்படி ஒவ்வொரு பங்கும் (ஒரு தேவாலயத்தின் கீழுள்ள ஊர்ப்பகுதி) திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டியதாயிற்று. எல்லா ஊரிலும் அந்தப் பழைய ஏடுகள் பிழைக்கவில்லை. 1598 முதல் ஆண்டுதோறும் ஆயருக்கு ஒரு படி அனுப்பினார்கள், ஏட்டில் இடைவெளி இருந்தால் அந்தப் படியைக் கேளுங்கள். 1837 ஜூலை முதல் அரசுப் பதிவு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் வாரியான விவரம் 1841 முதல். அதில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், 43 வயதுக்காரர் 40 ஆகிவிடுவார். பிறந்த ஊர் தெரிய 1851-ஐப் பாருங்கள். 1921 கணக்கெடுப்பு 2022-இல் திறக்கப்பட்டது. 1931 ஏடுகள் தீயில் போயின, 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. நடுவில் கைகொடுப்பது 1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் எடுத்த மக்கள் பதிவேடு மட்டும்தான். ஒரு தெருவை எடுத்துக்கொண்டு பத்து பத்து ஆண்டாகத் தொழில்களை எழுதிப் பாருங்கள். குதிரைக்காரர், லாடம் அடிப்பவர், விடுதிப் பணியாள் ஆகியோர் எண்ணிக்கை ஏறி இறங்குவதில் சாலையின் கதை தெரியும்.

படி 10: வரைபடங்களை அடுக்கிப் பாருங்கள்

விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தரும் தசமபாகத்துக்காக 1836 சட்டத்தின்கீழ் வரையப்பட்ட வரைபடம் உங்கள் ஊருக்கு இருந்தால், ஒவ்வொரு வயலுக்கும் பெயர், உடைமையாளர், பயிரிடுபவர் எல்லாம் கிடைக்கும். ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் வரைந்த 19ஆம் நூற்றாண்டு வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் தன் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, இங்கிலாந்துக்கும் சேர்த்து. பழையதை இன்றைய படத்தின் மேல் வைத்து ஒப்பிடலாம். மறைந்த ஆலைக் கால்வாய்கள் இதில்தான் சிக்கும்.

படி 11: நேரில் போகும்போது

போகும் முன் விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரி தொடரின் ஆக்ஸ்போர்டுஷயர் ஏழாம் தொகுதியில் டார்செஸ்டர் பகுதியைப் படித்துவிடுங்கள். 1962-இல் வந்தது, இணையத்தில் இலவசம். மற்ற மாவட்டங்களுக்கும் இதே தொடர் உண்டு, சில பகுதிகள் இன்னும் எழுதப்படவில்லை.

நடையை விட்டன்ஹாம் பக்கமிருந்து தொடங்குவது நல்லது. குன்றின் மேல் ஏறி இரு ஆறுகளையும் மண்கரையையும் கோயிலையும் ஒருசேரப் பாருங்கள். பிறகு இறங்கி டேஸ் லாக்கில் தேம்ஸைக் கடந்து, டைக் ஹில்ஸ் ஓரமாக ஊருக்குள் நடந்து, கோயிலை முடித்துவிட்டுப் பாலத்துக்கு வாருங்கள். குளிர்கால மழைக்குப் பின் புல்வெளிகளில் தண்ணீர் நிற்கும், நீளமான ரப்பர் காலணி இல்லாமல் போக வேண்டாம். மண்கரையின் மேல் ஏறி மிதிக்காதீர்கள், உலோகம் தேடும் கருவியும் அங்கே கூடாது, அது சட்டப் பாதுகாப்பில் உள்ள இடம்.

மூல ஏடுகள் பார்க்க வேண்டுமானால் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதி இடம் பதிந்துகொள்ளுங்கள், ஆக்ஸ்போர்டுஷயருக்கு அது ஆக்ஸ்போர்டின் கௌலி பகுதியில் இருக்கிறது. எந்த ஏடு, எந்த ஆண்டு என்று பட்டியல் எண்ணோடு கேட்டால் நேரம் மிச்சமாகும். பேனாவை அனுமதிக்க மாட்டார்கள், பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள். படமெடுக்கக் கட்டணமும் விதிகளும் உண்டு, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.